வரி வந்து விழும் நேரம்

சாமி,

உன் ஹெட்போன் இங்கேதான் இருக்கிறது. லேப்டாப், சார்ஜர், பை எல்லாவற்றையும் போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு வேலை பார்க்கிற நித்யா வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஆபீசில் கேட்டார்களாம். இதை மட்டும் எடுத்து மேசை மேல் வைத்து, "இத அவங்க கேக்கலீங்கம்மா, நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். காதில் படுகிற பஞ்சில் நீ தலைக்குத் தேய்க்கிற செம்பருத்தி எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. காலையில் தறிப் பட்டறைக்குக் கிளம்பும் முன்னால் ஒருதரம் எடுத்து மூக்கில் வைத்துக்கொள்கிறேன். காதில் வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று உனக்கே தெரியும்.

அஞ்சாவதோடு நின்றவள் மகளுக்கு மடல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய். ஆனால் உனக்குச் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது. உன் வேலையில் நான் கை வைத்துவிட்டேன். நீ கடைசியாகச் செய்த பாட்டில், நீ போட்டதை மாற்றிவிட்டேன். நீ இருக்கும்போது உன் மேசையைத் துடைக்கக்கூட உன்னைக் கேட்டுத்தான் துடைப்பேன். இதை உன்னைக் கேட்காமல் செய்தேன். சரியா தப்பா என்று நீதான் சொல்லவேண்டும். சொல்ல நீ இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நீ இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டறையில் எனக்கு ஒரே கேலி. பக்கத்துத் தறி சரசுவை உனக்குத் தெரியுமே, அவள்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"ஏனக்கா, உம்புள்ள பாட்டு எழுதறாளாமா? சினிமாவுக்கா?"

"எழுதறதில்ல சரசு. பாடினதக் கேட்டு எழுதறா."

"பாடினத எதுக்கு எழுதோணும்? அதான் பாடியாச்சே!"

வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டேன். செல்லில் பாட்டுக் கேட்கிறவர்கள் வரியைப் பார்த்துக்கொண்டே கூடப் பாடுவார்கள், அந்த வரியை நாங்கள் எழுதிப் போடுகிறோம் என்றாய். "அதுக்கு ஒரு ஆபீஸா?" என்று கேட்டுவிட்டேன். நீ கோபப்படவில்லை. "நீ நெய்யற துண்டுல முகம் தொடைக்கறாங்க, அதுக்கு ஒரு பட்டறையா?" என்று கேட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பேன். ஒரு வரியைக் கேட்பாய். நிறுத்துவாய். பின்னால் இழுப்பாய். திரும்பக் கேட்பாய். அரை மூட்டை வெங்காயம் உரிந்துவிடும், நீ அதே வரியில் இருப்பாய். கண் எங்கேயோ நிற்கும். புருவம் மட்டும் லேசாக மேலே போய் இறங்கும். அந்த முகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கோயிலில் கூட இல்லை. என் வயிற்றில் பிறந்ததுக்கு இப்படி ஒரு காதா என்று நினைப்பேன். என்னிடமிருந்து போனதெல்லாம் உன்னிடம்தான் போய்ச் சேர்ந்ததோ என்றுகூடத் தோன்றும்.

உனக்கு ஒரு சட்டம் இருந்தது. "பாடினத எழுதோணும். பாடாதத எழுதப்படாது." பாட்டு எழுதினவர் புத்தகத்தில் ஒரு வார்த்தை இருக்கும், பாடுகிறவர் அதை விட்டுவிட்டிருப்பார். நீயும் விட்டுவிடுவாய். "எழுதினவரு வருத்தப்பட மாட்டாரா?" என்று கேட்டேன். "கேக்கறவங்களுக்கு அது கெடைக்கலியேம்மா. கெடைக்காதத கெடைச்ச மாதிரி காட்டறது பொய்" என்றாய்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஒரு பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப ஆறு தடவை வந்தது. நீ ஆறு தடவையும் முழுசாக எழுதினாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏஞ்சாமி, ஒருக்கா எழுதி ஆறு தடவைன்னு போட்டா ஆகாதா? கை நோவும்."

"நீ லுங்கியில ஒரு கட்டம் நெய்ஞ்சுட்டு, மீதிக்கெல்லாம் இதே மாதிரின்னு சீட்டு ஒட்டுவியா?"

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். அன்றைக்குத்தான் உன் வேலை எனக்குப் பிடிபட்டது. இவள் நெய்கிறாள் என்று புரிந்தது. ஒரு இழை குறைந்தால் துணியில் தெரிகிற மாதிரி இதிலும் தெரியும் போல. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஒரு வரி வெற்றாக விடுவாய். வரிக் கடைசியில் புள்ளி வைக்கமாட்டாய். கும்மிப் பாட்டு ஒன்றில் தன்னானே தானன்னே எத்தனை வருகிறது என்று விரல் விட்டு எண்ணினாய். எண்ணி முடித்து, "பதினொன்னும்மா, கடைசியில அந்தப் பொம்பளைக்கு மூச்சு முட்டிப்போச்சு, பன்னெண்டாவது வரல" என்றாய். அந்த வராத தன்னானேயை நீ எழுதவில்லை. முன்பின் பார்க்காத ஒருத்திக்கு மூச்சு முட்டினதைக்கூட அப்படியே வைத்தாயே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

எழுதி முடித்த பிறகு இன்னொரு வேலை உண்டு. பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு வரியும் தொடங்குகிற நேரத்தில் லேப்டாப்பில் இருக்கிற அந்த நீளமான கட்டையை ஒரு தட்டு. நீ தட்டுகிற நேரம்தான் அந்த வரி செல்லில் வெளிச்சமாகும். பார்க்கச் சின்ன வேலை. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

உன் காலேஜ் சிநேகிதி கல்யாணத்துக்கு ரெண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டிருந்தாய். சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டை அனுப்ப வேண்டும். எழுதியாகிவிட்டது, தட்டத்தான் கை இல்லை. "அம்மா, நீ தட்டேன். வரி ஆரம்பிக்கும்போது ஒரு தட்டு, அவ்ளோதான்" என்றாய். சாமி வரம் கொடுக்கிற மாதிரி ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மருதாணியைக் காயவைக்க வாசல் வெயிலுக்குப் போய்விட்டாய். நான் சின்ன ஸ்பீக்கர் மேல் இடது கையை வைத்துக்கொண்டு, வலது கையால் தட்டினேன். முடித்துவிட்டுக் கூப்பிட்டேன். இந்தப் பொத்தானை அழுத்து, போயிடும் என்றாய். அழுத்தினேன். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் திரும்பி வந்துவிட்டது. உன் வேலையைச் சரிபார்க்கிற நித்யா போனில் கேட்டாளாம்: "யாரடி தட்டினது? மெஷினு தட்டின மாதிரி இருக்குது." நீ போட்டுப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"அம்மா, நீ ஒரு அடிகூடத் தப்பல. ஆனா ஒரு வரிகூடச் சரியில்ல."

மேளம் விழுகிற இடத்தில் எல்லாம் தட்டியிருக்கிறேன். பாடுகிறவர் மேளத்துக்குக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால், தன் இஷ்டத்துக்கு எடுக்கிறார். அது எனக்கு எப்படித் தெரியும்? உள்ளங்கைக்கு வந்தது மேளம் மட்டும்தான்.

நீ எழுந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாய். கொஞ்சம் கழித்துத் திரும்பினாய்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

வழக்கம்போல் தலையாட்டினேன். "ஆமாஞ்சாமி" என்றேன்.

"உன் பேரு என்னன்னு கேட்டேம்மா."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. பதினாறு வயதில் தறியில் நின்றவள். எங்கள் பட்டறையில் ரெண்டு பக்கமும் தறி ஓடும். இழையைக் கொண்டு பாய்கிற நாடா அடிக்கிற அடியில் சுவரே அதிரும். முதலில் கொலுசுச் சத்தம் போனது. அப்புறம் குருவிச் சத்தம். அப்புறம் குக்கர் விசில். மனுசக் குரல் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. பட்டறையில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அது பழகிப்போனதால் வெளியிலும் அப்படியே ஓட்டிவிட்டேன். வாய் தெரிந்தால் பதில் சொல்வேன். தெரியாவிட்டால் தலையாட்டுவேன். தெருவில், பஸ்ஸில், ரேஷன் கடையில், உன் பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் தலையாட்டினேன். உங்கப்பா போர் போடுகிற ரிக்கு வண்டியோடு வடக்கே இருந்து போன் பண்ணும்போதும் தலையாட்டுவேன், அவருக்கு அது தெரியவா போகிறது.

"எத்தன வருசமா?" என்று கேட்டாய்.

"நீ மூணாவது படிக்கும்போதே கொஞ்சம் இருந்துச்சு."

"அப்ப நான் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து கத கதையாச் சொல்லுவனே, அதெல்லாம்?"

"உன் வாயப் பாப்பேன் சாமி. உன் வாய் எனக்கு நல்லாத் தெரியும்."

"கரண்டு போனா மட்டும் எங்கிட்டப் பேசமாட்டே. கோவம்னு நெனச்சுக்குவேன்."

அதைச் சொல்லும்போது உன் வாய் கோணியது. உன் வாய் கோணினால் அதில் இருக்கிற எழுத்து எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் நீ சொன்ன ரெண்டு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. நீ அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நீ என்னைத் திட்டுவாய், தறியை விட்டு நிறுத்துவாய் என்று ரெண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன். மூணாம் நாள் மத்தியானம் செல்லைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். "இத வெச்சுக்கிட்டு இதப் பாரு" என்றாய். ஸ்பீக்கரை என் மடியில் வைத்தாய். எனக்குத் தெரிந்த அடிதான். எத்தனையோ கல்யாணத்தில், கோயில் நோன்பியில், பஸ்ஸில் என் எலும்பில் ஏறின அடி. அந்த அடியை பத்து வருசமாக அறிவேன். திரையில் ஒரு வரி வெளிச்சமானது. எழுத்துக்கூட்டி அதைப் படிக்கிறதுக்குள் அடுத்தது வெளிச்சமானது. அப்புறம் அடுத்தது.

"போகுது, போகுது" என்று பதறினேன்.

"போனாப் போகட்டும். திரும்பப் போடலாம்."

திரும்பப் போட்டாய். நாலாவது தடவை என் கண் வரியோடு சேர்ந்து நடந்தது. அந்தப் பாட்டு ஒரு பொண்ணைப் பார்த்துப் பாடுவது என்று நினைத்திருந்தேன், எல்லோரும் குதித்து ஆடுவதால். அது ஊரை விட்டுப் போகிறவன் தன் மாட்டிடம் சொல்லிக்கொண்டு போகிற பாட்டு. பத்து வருசமாக எனக்குத் தெரியாது. "இதையா இத்தன நாளும் பாடிட்டு இருந்தாங்க?" என்று கேட்டேன். நீ தலையாட்டினாய். நான் செல்லை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். மாட்டை நினைத்து இல்லை. அந்தக் குரலை யாரோ எடுத்து, நேரம் தவறாமல், வரி வரியாக என் கையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களே. அந்த யாரோ என் மகளாக இருக்கிறாளே.

அதற்கப்புறம் பட்டறையில் நடந்ததை உன்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நூத்தியொண்ணாவது தடவையும் சொல்கிறேன், கேள். சாப்பாட்டு வேளை முடிந்து தறி ஓட ஆரம்பித்துவிட்டது. நான் செல்லைத் தறிச் சட்டத்தில் சாய்த்து நீ போட்ட பாட்டு ஒன்றை ஓடவிட்டேன். அந்த இரைச்சலில் செல்லில் பாட்டு ஓடுவது சாமிக்குக்கூடக் கேட்காது. சரசு எட்டிப் பார்த்தாள். வரி மாறுவதைப் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது. அவளுக்கு அந்தப் பாட்டு தெரியும். நான் வரியைப் பார்த்து வாய் அசைத்தேன். எதிர்த் தறிக்காரி எங்கள் வாயைப் பார்த்து அவளும் சேர்ந்துகொண்டாள். ஒரு நிமிசத்தில் அந்த வரிசையில் இருந்த அத்தனை பொம்பளைகளும் பாடினோம். ஒருத்தர் குரல் ஒருத்தருக்குக் கேட்கவில்லை. எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. ஆனால் எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடியது.

மேஸ்திரி வந்து நின்றார். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, எல்லாருஞ் சேர்ந்து என்னையத் திட்டறீங்களா?" என்று அவர் வாய் கேட்டது.

"பாடறோமுங்க" என்றாள் சரசு.

"என்னையப் பத்தியா?"

"உங்களப் பத்திப் பாட்டு வேறயா? போங்க அக்கட்டால!"

வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. பிறகு சொன்னாய்: "நான் இத்தன நாளும் கேக்கறவங்களுக்குன்னு நெனச்சுப் பண்ணிட்டு இருந்தேம்மா." மறுநாளிலிருந்து நீ ஒரு பாட்டுக்கு எடுக்கிற நேரம் ரெண்டு மடங்கானது. தட்டி முடித்த பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு, வெறும் வரியை மட்டும் ஓடவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாய். என்னைப் போல் பார்த்தாய்.

என்னிடம் பேசும்போது முகத்தைத் திருப்பிப் பேசுவதும் அன்றிலிருந்துதான். அடுப்படியில் இருந்தாலும் வந்து, தோளைத் தொட்டு, முகத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போவாய். ஒரே ஒரு தடவை மறந்துவிட்டாய்.

அது அந்த வியாழக்கிழமை. காய்ச்சல் உனக்கு முந்தின நாளே வந்துவிட்டது. ஊரெல்லாம் காய்ச்சல், நாமும் மாத்திரை வாங்கிப் போட்டோம். "படுத்துக்கோ சாமி" என்றேன். "இன்னும் ஒரு சரணந்தாம்மா" என்று முகத்தைத் திருப்பிச் சொன்னாய். போர்வையைப் போர்த்திக்கொண்டு தட்டினாய். முடித்துவிட்டு, லேப்டாப்பைப் பார்த்தபடியே என்னமோ சொன்னாய். உன் தாடை அசைந்தது மட்டும் பக்கவாட்டில் தெரிந்தது. நான் என்ன என்று கேட்கவில்லை. தலையாட்டினேன். கஞ்சி வைக்க உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே உன் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் உன் வாயைப் படிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அஞ்சாம் நாள் நீ போய்விட்டாய். உங்கப்பா வந்து சேர்ந்து, காரியம் முடிந்து, திரும்ப வண்டிக்குப் போய்விட்டார். அவருக்கும் வீட்டில் உட்கார முடியவில்லை. நான் தறிக்குப் போய்விட்டேன். அந்த இரைச்சலுக்குள் நின்றால் அழுதாலும் யாருக்கும் தெரியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நித்யா ஜலகண்டாபுரத்திலிருந்து எடப்பாடி வந்து, பஸ் மாறி, பதினோரு மணிக்கு வந்தாள். நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்தது ஒரே தடவைதானாமே. அவள் வீட்டிலும் தறிதானாம். நான் கேட்காமலே என் எதிரே உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, நிதானமாகப் பேசினாள். நீ சொல்லிக் கொடுத்திருப்பாய். பச்சைப்பயறு கடைந்து சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு, "அவ போட்ட பாட்டெல்லாம் காட்டட்டுங்களா?" என்றாள். செல்லைச் சொம்பில் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாகப் போட்டாள். தனக்குத் தெரிந்ததைக் கூடவே பாடினாள். நான் ஒரு கண்ணால் வரியையும் ஒரு கண்ணால் அவள் வாயையும் பார்த்தேன். அவள் வாய் திறக்கும், வரி வெளிச்சமாகும். திறக்கும், வெளிச்சமாகும். முடி அளவுக்குக்கூட விலகவில்லை. உன் வேலையின் அழகை அப்படிப் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல் இருந்தது.

கடைசியாக அந்தப் பாட்டைப் போட்டாள். புதிதாகப் பாட வந்த ஒரு பொண்ணு பாடினதாம். பல்லவி சரியாக இருந்தது. முதல் சரணமும் சரிதான். ரெண்டாவது சரணத்துக்கு நித்யாவின் வாய் திறந்தது, வரி வரவில்லை. அவள் பாதி வரி பாடின பிறகுதான் வெளிச்சமானது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

"நிறுத்து கண்ணு" என்றேன். "இது பின்னால வருது."

அவள் முகம் செத்துப்போய்விட்டது.

"உங்களுக்கு எப்படிங்கம்மா..."

"உன் வாயப் பாத்தேன்."

தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தால் எனக்குத் தெரியாது என்று ஞாபகம் வந்து நிமிர்ந்தாள். "எனக்குத் தெரியுமுங்கம்மா. மறுநாளே பாத்துட்டேன். திருப்பி அனுப்பியிருக்கோணும். ஆனா அதுக்குள்ள அவ ஆஸ்பத்திரியில. அப்படியே விட்டுட்டேன். பொறவு நானே திருத்தலாம்னு எத்தனையோ தடவ தொறந்தேன். வரி வர்ற நேரமெல்லாம் அவ விரலு தட்டின நேரமுங்கம்மா. திருத்தினா அது போயிரும். தொட மனசு வரல."

நான் அதுவரை அதை அப்படி நினைத்ததே இல்லை. உன் துணி இருக்கிறது, படம் இருக்கிறது. ஆனால் உன் கை பட்ட நேரம், அந்த வியாழக்கிழமை மத்தியானம் போர்வைக்குள் இருந்து நீட்டின விரல் கட்டையைத் தொட்ட அந்தக் கணம், அது அப்படியே அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. எந்த ஊரில் யார் போட்டாலும் உன் விரல் திரும்ப ஒருதரம் விழுகிறது. காய்ச்சலில் கனத்துப்போன விரல். பின்னால் விழுகிற விரல். ஐயோ சாமி, அந்தத் தாமதம்கூட உன்னுடையதுதானே.

"யாருக்கும் தெரியாதுங்கம்மா. இப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் நித்யா.

சரி என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். தலைகூடப் பாதி ஆடிவிட்டது. அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரிந்த தலையாட்டல். அப்படியே நிறுத்தினேன்.

யாருக்கும் தெரியாது என்பது பொய். எனக்குத் தெரிந்ததே. எங்கேயோ என்னை மாதிரி ஒருத்தி, ஸ்பீக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, செல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளைச் சுற்றி இருக்கிறவர்கள் பாடி முடித்த பிறகு அவள் வாய் திறக்கும். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு காலம் முழுக்க அப்படிச் சிரித்திருக்கிறேன். அந்த ஒருத்திக்காகத்தான் நீ சத்தத்தை நிறுத்திவிட்டு வரியை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தாய். அன்றைக்கு அப்படிப் பார்க்க உனக்குத் தெம்பில்லை. தெம்பிருந்தால் நீயே அழித்துவிட்டுத் திரும்பத் தட்டியிருப்பாய். உன் விரலை நான் வைத்துக்கொள்வதற்காக அவளைப் பின்னால் வரச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

"திருத்தோணும்" என்றேன்.

நித்யா அழுதாள். அழுதுகொண்டே லேப்டாப்பைத் திறந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டை மேல் விரலை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"கண்ணு, நீ பாடு. நான் தட்டறேன்."

"அம்மா, உங்களுக்கு..."

"காது எதுக்கு? உன் வாய் இருக்குதே."

அவள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடினாள். நான் அவள் உதட்டை மட்டும் பார்த்தேன். மேளத்தைத் தொடவில்லை, ஸ்பீக்கரில் கை வைக்கவில்லை. உதடு பிரிகிற இடத்தில் தட்டினேன். முதல் தடவை மூணாவது வரியில் என் கண் கலங்கி அவள் வாய் மங்கிப்போனது. "நிறுத்து" என்றேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்ப ஆரம்பித்தோம். ரெண்டாவது தடவை அவள் அழுதாள், உதடு கோணியது. "அழுதா எனக்கு ஊமப் பாட்டாயிரும், அழுவாம பாடு" என்றேன். ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். மூணாவது தடவை ஆறு வரியும் முடிந்தது.

அவள் நீ தட்டினதையும் நான் தட்டினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, உங்களது சரியா இருக்குதுங்க. ஆனா நாலாவது வரி மட்டும்... அவ தட்டினதே சரிதானுங்க. அத அவ தப்பவே இல்ல."

முன்னால் மூணு வரி தாமதம். பின்னால் ரெண்டு வரி தாமதம். நடுவில் அந்த ஒன்றை மட்டும், அந்தக் காய்ச்சலிலும், நீ எப்படியோ எட்டிப் பிடித்திருக்கிறாய். அந்த வரியில் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. மழை வருது, கொடியில் துணி கிடக்குது என்கிற மாதிரி ஒரு வரி. அதற்கு எங்கிருந்து உனக்குத் தெம்பு வந்தது என்று நானும் நித்யாவும் அந்த வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம்.

"அத விட்டுரு" என்றேன். "என்னதையெல்லாம் போடு. நாலாவது அவளது."

அப்படியே போட்டாள். சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமை நீ லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு என்ன சொன்னாய் என்று எனக்கு இன்னும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. இதுவாக இருக்கும் அதுவாக இருக்கும் என்று நானாக ஒன்றை எழுதிவைக்க மாட்டேன். கிடைக்காததைக் கிடைத்த மாதிரி காட்டுவது பொய் என்று நீதான் சொன்னாய். ஆனால் திங்கட்கிழமை ரேஷன் கடையில் அந்த ஆள் குனிந்துகொண்டு என்னமோ கேட்டபோது, "எனக்குக் காது கேக்காதுங்க, மூஞ்சியக் காட்டிச் சொல்லுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து சொன்னார். அவ்வளவுதான். இத்தனை வருசம் அதற்கா பயந்தேன்.

இப்போது தினமும் அந்தப் பாட்டை ஒருதரம் ஓடவிடுகிறேன். சத்தம் வைப்பதில்லை. பல்லவி உன்னுடையது, முதல் சரணம் உன்னுடையது. ரெண்டாவது சரணத்தில் நான் வருகிறேன். ஒன்று, ரெண்டு, மூணு. அப்புறம் நீ. அந்த வரி வெளிச்சமாகிற வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை சாமி. அது ஒருநாள்கூடத் தவறினதில்லை.